ஒரு வீடு, இரண்டு மீட்டர்

எங்கள் வீட்டில் ஒரு குழம்புச் சட்டிக்கு இரண்டு கரண்ட் மீட்டர். கீழே என் கணவரின் அண்ணன் குடும்பம், மாடியில் நாங்கள். சமையல் மட்டும் கீழே, ஒன்றாக. சதுரங்கப்பட்டினத்தில் கடற்காற்றுக்குக் குறைவில்லை; இருந்தாலும் சித்திரையில் ஏசி இல்லாமல் மாடியில் படுக்க முடியாது. ஒவ்வொரு மீட்டருக்கும் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் போகப் போக யூனிட்டின் விலையும் ஏறும். மீன்காரம்மாகூட நிறைய வாங்கினால் குறைத்துத்தான் தருவார். நிறைய வாங்குகிறவனிடம் அதிகம் பிடுங்கும் வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்திருந்தால் ஒன்றாக்கிவிடுவார்களாம். பார்க்க மின்வாரியத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தெரிந்தது. கீழ்வீட்டு அக்காவும், அதாவது என் ஓரகத்தியும், நானும் கூடிப் பேசி, சண்டை போட்டுப் பிரிந்தவர்களாக நடிப்பது என்று முடிவு செய்தோம். மாடியில் ஒரு அடுப்பை வாங்கி வைத்தோம்.

வந்தவர் பொறுமைசாலி. "ஏம்மா பிரிஞ்சீங்கோ?" என்று கேட்டார்.

"இவ மூஞ்சியப் பாத்தாலே பேஜாரு சார்!" என்று அக்கா ஆரம்பித்தாள்.

நான் விடுவேனா? "மீன் தலை எப்பவும் இவங்க வூட்டுக்காரருக்குதான் சார். எனக்கு வாலு. கண்ணாலம் ஆன நாள்லருந்து வாலுதான்!"

அது ஒத்திகையில் இல்லாத வசனம். சொல்லும்போதே குரல் உடைந்து, நிஜமாகவே அழுதுவிட்டேன். எவ்வளவு நாளாக அது உள்ளே கிடந்ததோ, எனக்கே தெரியாது. அக்கா நடிப்பதை மறந்து நின்றாள்.

அந்த மனிதர் பதறிப்போய், கையிலிருந்த பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். "ஒரு மீனுக்காக குடும்பம் பிரியலாமாம்மா? பெரியவங்க நீங்க வுட்டுக்குடுங்க" என்று விடாமல் பேசினார். கடைசியில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இனிமே தலை உனுக்குதான்டீ. வாயத் தொறந்து கேட்டாதானே தெரியும்!"

கட்டிக்கொண்டு அழுதோம். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே ஒண்ணா ஆக்கித் துன்னுவீங்களா?"

"துன்றோம் சார்" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

சந்தோஷமாகப் பேப்பரை எடுத்தார். 'ஒரே குடும்பம்' என்று எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஒற்றை மீட்டருக்கு முதல் பில் வந்த அன்று வீட்டு ஆண்கள் அதை மாற்றி மாற்றிப் படித்துவிட்டு எங்களை முறைத்தார்கள். அக்கா சோறு போட்டாள். கொடுவா மீன் தலை என் தட்டில் விழுந்தது.

"இன்னா பாக்குற? துன்னு. செங்கல்பட்டு ஜில்லாவுலயே இம்மாம் வெலை குடுத்து வாங்குன தலை இதான்."

தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.