இத்தாவில் செய்த ரோசாப்பூக்கள்

தில்லையடியில் எங்கள் அடுத்த வீட்டு மெலிந்த பெண், கணவர் மௌத்தாகிவிட்டதால் இத்தா என்ற துக்க காலத்தில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அதற்குள் தங்கையின் கலியாணம் வந்துவிட்டது. தங்கையின் முக்காட்டில் குத்துவதற்குப் பொலிமர் களிமண்ணில் வெள்ளை ரோசாப்பூக்கள் செய்தாள். ஒவ்வோர் இதழையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே ஒட்டுவாள்.

சுட்டால்தான் இறுகும் என்பதால் நான் பாண் சுடும் பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோனேன். நேரத்தை எண்ணினேன், சூட்டை அளக்கவில்லை. எல்லாம் பழுப்பாகிவிட்டன. அப்படியே அவளிடம் கொண்டுவந்து நீட்டினேன்.

"பரவால்ல ராத்தா, பாண் மாதிரி நல்லா வெந்திரிச்சி. இதையே குடுங்க," என்று சிரித்தாள்.

மணப்பெண் அவற்றையே குத்திக்கொண்டாள். கலியாணத்திலிருந்து திரும்பி வந்து அவளிடம் சொன்னேன்.

"அவட பக்கத்துல ஆரு ராத்தா நிண்ட?" என்றுதான் கேட்டாள்.

அக்காவான அவள் நிற்கவேண்டிய இடத்தில் நான்தான் நின்றேன். அதை விட்டுவிட்டு, முக்காட்டில் பூக்கள் எப்படி இருந்தன என்று சொல்லத் தொடங்கினேன்.