பாட்டில் கழுத்தில் கட்டிய சிவப்பு நூல்

எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும், சோறு பிசையும்போது விரலிலிருந்து டீசல் வாசனை திரும்ப வரும்...

திருப்பதிக்கு வெளியே ஒரு லேப். டேங்கரில் வரும் டீசல் எண்ணெயில் நைட்ரஜன் சரக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். அது கூடினால் எண்ணெய் கெடும். ஜிசி மிஷினில் ஒரு சொட்டு விட்டால் ஆவியாகி, தலைமுடி மாதிரிச் சுருண்ட குழாயில் ஓடும். நைட்ரஜன் இருந்தால் திரையில் கோடு மலையாக எழும்பும்.

பாட்டிலிலிருந்து குட்டி சீசாவில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. எட்டாவது பாஸ் என்று சொல்லிச் சேர்ந்தவன். ஓர் எழுத்தும் தெரியாது.

நகரியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை... நூலுக்கா பஞ்சம்? டிரைவரிடம் ஊரைக் கேட்டு, பாட்டில் கழுத்தில் அடையாளத்துக்குச் சாய நூல் கட்டிவிடுவேன். நாயுடுபேட்டைக்குச் சிவப்பு. மற்ற ஊருக்கு வேறு நிறம்.

மிஷினைப் பார்த்துக்கொண்டவர் பாகாலாவிலிருந்து ரயிலில் வரும் சுகுணா மேடம். திடீரென்று நாயுடுபேட்டை எண்ணெய் மட்டும் தாறுமாறாகக் காட்டியது. ஊசியை மாற்றினார், குழாயை மாற்றினார்.

"அண்ணா, பாட்டில்ல எதனா பண்றீங்களா?"

"நான் இன்னாம்மா பண்ணப்போறேன்... ஊத்தறேன், குடுக்கறேன்."

மேனேஜர் எல்லார் எதிரிலும் கேட்டார். "ஏம்மா, ஒரே எண்ணெய்க்கு அஞ்சு வாட்டி அஞ்சு பதிலா? பைத்தியம் மிஷினுக்கா, உனுக்கா?"

அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். சிவப்பு. அந்த வாரம் புதிதாக எடுத்துவந்த சிவப்பு நூல், சாயம் நிற்காதது. வழிந்த எண்ணெய் நூலை நனைத்து, சாயத்தோடு சீசாவில் சொட்டியிருக்கிறது. சாயத்திலும் நைட்ரஜன் உண்டு என்று மேடமே ஒருநாள் சொல்லியிருந்தார்.

கையை மூடிக்கொண்டேன்.

சொன்னால் படிக்காதவன் என்று தெரிந்துவிடும். வேலை போகும். வீட்டில் மூன்று பெண்கள்...

மேடத்தை இனி வரவேண்டாம் என்றார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, "வர்றேண்ணா" என்று என்னிடம் மட்டும் சொல்லிப் போனார்.

அன்றைக்கே நூலையெல்லாம் அறுத்துவிட்டு, மூடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன். மறுநாள் வேறு ஆள் மிஷினில் உட்கார்ந்தார். சரியாக வந்தது.

"சூசாவா, பாத்தியா, ஆள மாத்தினதும் சரியாப்பூட்ச்சி" என்றார் மேனேஜர்.

நூலை அறுத்து நானே அவர் மேல் பழியை முடிச்சுப் போட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் பாட்டிலில் கறுப்புக் கோடுகள் ஒட்டி, மிஷினே படித்துக்கொள்கிறதாம். போன்கூட நான் பேசுவதை எழுதிக்கொள்கிறது. அன்றைக்கு இதெல்லாம் இல்லை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை... அன்றைக்கும் வாய் இருந்தது.

மேடம், நூல் கட்டியது நான்தான்.

இதைப் போன் சரியாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்க்கக்கூட எனக்குத் தெரியாது.