ஊற்றுக்கண்ணில் வைத்த கடப்பாரை

1. லாரி

வத்தலக்குண்டில் சிமெண்ட் ஏற்றிய லாரி மலையேறி முடிப்பதற்குள் என் மாணவர்களில் பாதிப்பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். மீதிப்பேர் பாட்டுப் பாடினார்கள். ஐம்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில் விரிவுரையாளன், கல்லூரியின் சமூக சேவை முகாமுக்கு அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பொறுப்பேற்றிருந்தேன்.

பூம்பாறைக்கு மேலே ஒரு சிற்றூர். சரிவெல்லாம் பூண்டு, காலைப் பனியிலும் அதன் வாசம். ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே ஒரு ஊற்று. பாறை இடுக்கிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் வரும், கோடையிலும் நிற்காது. மாடு வந்து கலக்கிவிடுகிறது என்பதால் சுற்றித் தொட்டி கட்டி, பைப் வைத்துத் தர வேண்டும். பத்து நாள் வேலை. பத்தாம் நாள் பெரிய அதிகாரி ஒருவர் திறந்து வைப்பார்.

2. வெறுங்கை

அந்த ஊரில் ஊற்றைச் சுத்தம் செய்வது வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. அந்த வருஷம் சின்னத்தாயி வீடு. எங்கள் கடப்பாரைகளைப் பார்த்ததுமே அந்தம்மா சொல்லிவிட்டார்:

"தொட்டி எப்படி வேணும்னாலும் கட்டுங்க சார். ஊத்துக்கண்ணை மட்டும் தொடாதீக. நாங்க வெறுங்கையாலதான் மண்ணள்ளுவோம். இரும்பு படக்கூடாது."

பௌதிகம் படிக்கும் ராமநாதனுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, இரும்பு பட்டா ஊத்துக்கு வலிக்குமா?"

"ஊத்துக்கு எதுக்கு வலிக்குது தம்பி? எங்க இடுப்புக்குத்தான் வலிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

3. ஒன்பதாம் நாள்

தொட்டி முடிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் பைப் உயரத்துக்கு ஏறவில்லை. சுண்டுவிரல் ஊற்று அதன் போக்கில் வந்துகொண்டிருந்தது. அதிகாரி வருகிற அவசரம் அதற்கு இல்லை. மறுநாள் விழா. பைப்பைத் திறந்தால் காற்றுதான் வரும்.

"சார், கண்ணைக் கொஞ்சம் பெரிசாக்கினா வெரசா நெறஞ்சிரும்" என்றான் ராமநாதன்.

சின்னத்தாயி பூண்டுக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை. தலையை ஆட்டினேன்.

கடப்பாரையால் இரண்டே குத்து. தண்ணீர் பழுப்பாகப் பீறிட்டு வந்தது. பையன்கள் விசில் அடித்தார்கள். சாயங்காலத்துக்குள் தொட்டி நிரம்பியது. மறுநாள் அதிகாரி ஒரு டம்ளர் குடித்தார், போட்டோ எடுத்தார்கள். 'ஊற்று சீரமைக்கப்பட்டது, முகாம் வெற்றி' என்று அறிக்கை அனுப்பினேன்.

4. போட்டோ

இரண்டு மாதம் கழித்து, போட்டோவை ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையிலேயே, கீழே ஓடைச் சரிவிலிருந்து பெண்கள் குடத்தோடு மூச்சு வாங்க ஏறி வருவது தெரிந்தது. நாங்கள் குத்திய இடத்தில் பாறை அடியில் விரிசல் விட்டிருக்கிறது. தண்ணீர் அதன் வழியே உள்ளிறங்கி, வெகு கீழே முள்ளுக்குள் போய்க் கசிகிறது.

சின்னத்தாயி குடத்தை இறக்கி வைத்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"தொட்டி ஒண்ணும் வீணாப் போகலைங்க. பூண்டு போட்டு வச்சிருக்கோம். வந்து பாருங்க, சொட்டு ஈரம் இல்லாம கெடக்கு."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "வெள்ளனே கெளம்பினவுகளா இருக்கும், தண்ணி குடிக்கிறீகளா?" என்று அந்தக் குடத்திலிருந்தே மொண்டு கொடுத்தார். குடித்தேன். போட்டோவைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

அறிக்கையையும் நான் திருத்தி எழுதவில்லை. எழுதினால் முகாம் பொறுப்பு கைவிட்டுப் போகும் என்று பயம். ஊற்று கெட்டது அவசரத்தில் செய்த தப்பு. இது யோசித்துச் செய்தது.

பதினைந்து வருஷமாகிறது. இப்போது என் முகாம்களில் முதல் மூன்று நாள் மம்பட்டி, கடப்பாரை எதையும் லாரியிலிருந்து இறக்க விடுவதில்லை. ஊர்ப் பெண்களோடு தண்ணீர் தூக்கச் சொல்கிறேன். "சேவை செய்ய வந்தோமா, குடம் தூக்க வந்தோமா சார்?" என்று பையன்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். முகாம் நடத்தப்போகிற உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இதுதான்: அந்த ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால், கூப்பிடுங்கள்.

நான் கொடுக்காத அந்த ஒரு குரலுக்காக, பூம்பாறைக்கு மேலே இன்றைக்கும் பெண்கள் ஓடைக்கு இறங்கி ஏறுகிறார்கள்.