கூட வந்திருப்பது யார்?

இன்று மீஞ்சூரில் கண் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்.

நர்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டு, "கூட யாரு சார் வந்துருக்காங்க?" என்றாள்.

யாருமில்லை என்றேன்.

"ஆள் இல்லாம அட்மிஷன் போட மாட்டாங்க சார்" என்று பேனாவை மூடிவிட்டாள்.

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஏது யோக்கியதை?

எழுபதுகளில் இதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் நடந்தபோது, பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தவன் நான். துணைக்கு ஆள் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வயதான பெண்கள் இருவர் கைகோத்தபடி வந்தார்கள்.

"கூட யாரு?" என்றேன்.

"எனுக்கு இவ, இவளுக்கு நானு. அப்பிடியே எயுதிக்கோ நைனா. பக்கத்துப் பக்கத்து ஊடு. புள்ளைங்க கடலுக்குப் பூட்டாங்க."

"ரெண்டு பேருக்குமே கண்ணு தெரியல. யாரை யாரு பாத்துக்கிறது?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அப்ப இம்மாந்தூரம் எங்களை யாரு இட்டாந்தாங்க?" என்று மற்றவள் கேட்டாள்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பிடித்த கையை விடாமல் இருவரும் திரும்பிப் போனார்கள்.

நண்பர்களே, உங்களில் யாருக்காவது கண்ணில் புரை இருந்து, கூட வர ஆளும் இல்லையென்றால் சொல்லுங்கள். எனக்கு நீங்கள், உங்களுக்கு நான் என்று எழுதிக் கொடுத்துப் பார்ப்போம்.