ரெண்டு ஆம்ப்ளிஃபயரும் ஒரு குரலும்

பாட்டு ஆரம்பித்ததும் லிஃப்ட்காரர் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிடுவார். பெரிய கூம்புக்கு அரை அங்குலம் தள்ளிப் புறங்கையைப் பிடிப்பார். தொடமாட்டார். ஒவ்வொரு அடிக்கும் காற்று வந்து கைமுடியை அசைக்க வேண்டும். அசைந்தால் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு நாற்காலிக்குப் போவார். இருபத்திரண்டு வருஷமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிற மனுஷனுக்கு இது ஒன்றுதான் கிறுக்கு. "ஒண்ணுதான், ஆனா ஆளுயரத்துக்கு" என்பாள் மனைவி.

ஆறு மாதத்துக்கு முன் அது முற்றியது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒலியை ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒரு பலகை பிரிக்கும். கனத்தது பெரிய கூம்புக்கு, கீச்சென்றது சின்னதுக்கு. லிஃப்ட்காரர் அந்தப் பலகையைப் பிடுங்கிப் போட்டார். ஆம்ப்ளிஃபயருக்குப் போகுமுன், ஒலி மெலிசாக இருக்கும்போதே பிரித்து, கூம்புக்கொரு ஆம்ப்ளிஃபயர் கொடுப்பதுதான் முறை என்று, பிரிக்கிற கிராஸ்ஓவரைத் தன் கையாலேயே செய்தார். ஹாலில் ஸ்பீக்கர் போக இன்னும் மூன்று பெட்டி, பதினாறு ஒயர். உட்கார இடமில்லை.

ஸ்பீக்கர் கடை வைத்திருக்கும் மச்சினன் வந்து பார்த்துச் சிரித்தான்.

"மாமா, கம்பெனிக்காரன் என்ன இளிச்சவாயனா? இதே மாடல் ஜோடி, கை படாதது, தனி ஆம்ப்ளிஃபயரோட கொண்டு வர்றேன். அக்கா கண்ணை மூடிக் கேக்கட்டும். என்னோடது ஜெயிச்சா நீங்க மொத்தத்தையும் ஏறக்கட்டிடணும்."

"அந்த இடத்துல சோபா" என்றாள் அக்கா உடனே.

"நடக்கட்டும் மாப்ளே" என்று லிஃப்ட்காரரின் வாய் சொல்லிவிட்டது.

ஞாயிறு காலை. மனைவி கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே பாட்டு, முதலில் கடை ஜோடியில், அப்புறம் வீட்டு ஜோடியில்.

"ரெண்டாவதுல தாளமெல்லாம் பளிச்சுனு இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு பாத்ரூம்ல நின்னு பாடுது. கதவும் சாத்தியிருக்கு."

மச்சினன் துள்ளினான். "சோபா என்ன கலர்க்கா?"

லிஃப்ட்காரர் ஒரு ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். பெரிய கூம்பு மட்டும் பாடியது. குரல் இருந்தது. அதை அணைத்துச் சின்னதை மட்டும் விட்டார். அதிலும் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் காணோம். அப்போதுதான் பொறிதட்டியது. கூண்டு ஏறினால் எடைக்கல் இறங்கும். லிஃப்டுக்கு அது சரி. இங்கே இரண்டு கூம்பும் பங்குபோட்டுப் பாடும் இடத்தில் ஒன்று தள்ள, மற்றது இழுக்கிறது. குரல் கழிந்துபோகிறது.

மருந்து சுலபம்தான். சின்னக் கூம்பின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் சிவப்பைச் சிவப்போடு தவிர வேறெதோடும் சேர்த்தறியாத கை அது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரண்டு பெட்டியிலும் குனிந்து, சிவப்பைக் கறுப்பில் முடுக்கினார்.

"ஒரே ஒரு சான்ஸ் மாமா. எது முதல்லன்னு அக்காகிட்ட சொல்லக் கூடாது" என்றான் மச்சினன்.

இரண்டும் பாடி முடித்தன. மனைவி துண்டை அவிழ்த்து, இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

"முதல்ல பாடினது நல்ல ரேடியோ. ரெண்டாவதுல அவ இங்க நின்னா. மூச்சு இழுத்தது கேட்டுச்சுடா."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ரெண்டாவது மாமாவோடது."

லிஃப்ட்காரர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. "ஏறக்கட்டுறது யாரு மாப்ளே? கீழே போக லிஃப்ட் நிக்குது, ஓசிதான்!" கடை ஜோடியை அவரே தோளில் சுமந்துபோய் வண்டியில் ஏற்றினார். சோபா பற்றி அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

பல மாதம் கழித்து மச்சினனே வாய்விட்டுச் சொன்னான். கடையில் எது கொஞ்சம் சத்தமாகக் கேட்கிறதோ அதைத்தான் ஜனங்கள் வாங்குவார்களாம். அன்றைக்கு மாமா ஒயர் மாற்றக் குனிந்திருந்தபோது, தன் ஜோடியின் வால்யூமை அவன் இரண்டு கோடு கூட்டி வைத்திருந்தானாம்.