எங்கள் தெருவின் கேள்விமுறை

‘கேள்விமுறை இல்லாத ஆள்’ என்று எங்கள் பக்கம் திட்டுவார்கள். யாருக்கும் பதில் சொல்லக் கட்டுப்படாதவர் என்று பொருள். அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்பதற்குப் படித்தவர்கள் வேறு காரணம் வைத்திருக்கலாம். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்தது எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வழக்கம்தான்.

காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்கள் தெரு எங்களுடையது. அந்தச் சின்னக் கோயிலுக்குக் குருக்கள் கிடையாது. சாயங்கால விளக்கு ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டு முறை. நேற்று ஏற்றியவர் காலையில் சாவியோடு அடுத்த வீட்டுக்குப் போய், “இன்னிக்கி உங்க முறை, ஏத்திடுவீங்கல்ல?” என்று கேட்பார். வாயைத் திறந்து “ஏத்திடறேன்” என்று சொன்னால்தான் சாவி கைமாறும். முறை ஒரு வீட்டுக்கு. கேட்கும் உரிமை தெருவுக்கே. அதிலிருந்துதான் அந்தச் சொல் வந்திருக்கும் என்று நானாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு வாட்ஸ்அப் குரூப் வந்தது. கேட்பது நின்றுபோய், சாவி மட்டும் கைமாறியது. ஏற்றிய விளக்கைப் படமெடுத்துப் போட்டால், எல்லாரும் பதிலுக்குக் கும்பிடு பொம்மை போட்டுவிடுவார்கள்.

போன ஆவணியில் ஒருநாள் எங்கள் முறை. என் வீட்டுக்காரருக்குத் தறியை விட்டு எழ மனமில்லை. கொஞ்சம் கழித்து ஏற்றிக்கொள்ளலாம் என்று பழைய படம் ஒன்றை அனுப்பிவிட்டார். தெருவே கும்பிட்டது. அடுப்படியிலிருந்து நானும்தான் கும்பிட்டேன்.

நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் எதிர்வீட்டுக்காரி மட்டும் படத்தை நம்பி, தட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே போயிருக்கிறாள். தட்டில் அவள் நெய்து முடித்த கூறைப்புடவை. பிள்ளையார் காலடியில் வைக்காமல் கல்யாணப் புடவையைக் கொடுக்க மாட்டாள். அதை வாங்கிப்போக மாகறலிலிருந்து வந்த கல்யாண வீட்டார், பஸ் போய்விடும் என்று அவள் வீட்டில் தவித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலோ பூட்டி, இருட்டாக இருந்தது.

நேரே எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“இன்னாணா, போனுக்கு வெளக்கு காட்டிட்டீங்க. புள்ளையாருக்கு யாரு காட்டறது?”

“தோ, வந்துக்கினே இருக்கேன்மா” என்றார் இவர், தறியில் உட்கார்ந்தபடியே.

“இந்தத் தெருவுல உங்களக் கேக்க ஆளே இல்லியா?”

“அதான் நீ கேக்கிறியே!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் நகரவில்லை. இவர் சட்டைகூடப் போடாமல் சாவியோடு ஓடினார். எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் பின்னால். திரி எரிந்ததும் இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். தங்கச்சி தட்டை அவரிடமே நீட்டினாள்.

“முறைக்காரரு நீங்க. நீங்களே வைங்கணா. பொண்ணு நல்லா இருக்கணும்னு கேளுங்க.”

இவர் தட்டை வாங்கிக்கொண்டார். தட்டோடு புடவையைக் காலடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை.

“போதும்ணா, பஸ்ஸு பூடும்!” என்று புடவைத் தட்டை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள்.