மார்த்தாள் என்கிற மாரியம்மாள்

கதவில் ஒட்டியிருந்த வேத வசன ஸ்டிக்கரை அம்மா தோசைக் கரண்டியால் சுரண்டிய சத்தத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பல் கூசுகிறது. ராஜபாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த ஒற்றை அறை வீட்டுக்கு, என் சாதிச் சான்றிதழ் மனுவை விசாரிக்க அன்று அதிகாரி வருவதாக இருந்தது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. கிறிஸ்தவர்கள் என்று தெரிந்தால் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது, அது இல்லையென்றால் உதவித்தொகையும் விடுதியும் கிடையாது; ஆனால் டீக்கடையில் எங்களுக்குத் தனி டம்ளர் வைத்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் நான் மாரியம்மாள். அதை "ரெக்கார்டு பேரு" என்போம். வீட்டிலும் சர்ச்சிலும் மார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பாஸ்டர் வைத்த பெயர் அது. இயேசுவின் ஊர்க்காரர்கள் வேதம் வாசித்தது எபிரெயத்தில், வீட்டில் பேசியது அதற்கு உறவான அரமேயத்தில், அந்த அரமேயத்தில் "மார்த்தா" என்றால் வீட்டு எஜமானி என்று அவர் சொல்லியிருந்தார். என் ரெக்கார்டு பேரைப் போல ஒலிக்கும் "மாரா"வுக்கு எபிரெயத்தில் கசப்பு என்று பொருள் என்பதைப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

மில்லில் பஞ்சுத் தூசியை விழுங்கிக்கொண்டு நாளெல்லாம் நின்ற அம்மாவுக்கு அந்த எஜமானியின் மேல் அத்தனை ஆசை. எம்புள்ள யாருக்கும் வேலைக்காரி இல்லை என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவள், அன்று பைபிளை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"ஏட்டி, பேரு கேட்டா மாரியம்மான்னு மட்டும் சொல்லு. பொறவு வாயத் தொறக்காத."

அதிகாரி வாசலில் நின்றபடியே சுவர்களைப் பார்த்தார். பெயர் கேட்டார், சொன்னேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நான் உள்ளே திரும்பியதும் முதுகுக்குப் பின்னாலிருந்து "மார்த்தா" என்று கூப்பிட்டார். தெருவில் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நான் திரும்பவில்லை. செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய் நீட்டினேன். கீழே வைக்கச் சொன்னார், குடிக்கவில்லை.

சான்றிதழ் கிடைத்தது. படித்தேன், அதே சான்றிதழில் அரசு வேலையும் கிடைத்தது. தன் பெயர் காதில் விழுந்தும் கல்லாக இருக்கப் பதினோரு வயதுப் பிள்ளையைப் பழக்கிய அந்தச் சட்டத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, நன்றி சொல்லவும் எனக்கு மனமில்லை.

போன மாதம் அம்மா இறந்துபோனாள். மார்த்தா என்று என்னைக் கூப்பிட இனி வீட்டில் ஆள் இல்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும் கடைக்காரர், மகள் பெயரை எப்படிப் போடட்டும் என்று கேட்டார். என் ஆபீஸ் இருக்கும் தெருவிலும் ஒட்டுவார்களே என்று யோசித்து, மாரியம்மாள் என்றேன். அம்மா பெயருக்கு மேலே சிலுவை போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.